ஹைட்ரஜனின் மோலார் கன அளவு 22.4-க்குப் பதில் 25.3 லிட்டர் வருவது ஏன்?

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த 0.040 கிராம் மெக்னீசியம் நாடா, 25 டிகிரி செல்சியஸ், காற்றழுத்தம் 760 மிமீ பாதரசம், கவிழ்த்த குழாயில் நீருக்கு மேல் சேர்ந்த வாயு 41.6 மிலி. இதிலிருந்து மோலார் கன அளவு, அதாவது ஒரு மோல் வாயு அடைக்கும் இடம், 25.3 லிட்டர் வருகிறதே, சோதனை சொதப்பிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, நன்றாகவே செய்திருக்கிறீர்கள். கணக்குதான் பாதியில் நிற்கிறது. 22.4 என்பது 0 டிகிரியில், 760 மிமீ அழுத்தத்தில், நீராவி கலக்காத வாயுவுக்கு; உங்கள் அளவை அந்த நிலைக்கு மாற்ற வேண்டும்.

குழாய்க்குள் ஹைட்ரஜனோடு நீராவியும் இருக்கிறது. 25 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் 23.8 மிமீ. டால்டன் விதிப்படி (கலவையின் மொத்த அழுத்தம் அதிலுள்ள வாயுக்களின் தனித்தனி அழுத்தங்களின் கூட்டுத்தொகை) அதைக் கழித்தால் ஹைட்ரஜனின் பங்கு 736.2 மிமீ. இனி, 0, 25 டிகிரிகளைக் கெல்வினில் 273, 298 என்று எழுதினால், 41.6 × (736.2/760) × (273/298) = 36.9 மிலி. 0.040-ஐ 24.3-ஆல் வகுத்தால் 0.001646 மோல், ஒரு மெக்னீசியம் அணுவுக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு வெளிவருவதால் வாயுவும் அதே மோல்தான். வகுத்துப் பாருங்கள், 22.4 லிட்டர். வெப்பநிலையை மட்டும் திருத்தி நீராவியை மறந்தால் 23.2-இல் நின்றுவிடும். பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது அங்கேதான். கெல்வினுக்கு மாற்றாமல் செல்சியஸிலேயே விகிதம் போட்டால் விடை சுழி. அதுவாவது உடனே காட்டிக்கொடுத்துவிடும்!

அடுத்த முறை செய்யும்போது சில விஷயங்கள். நாடாவின் மேலுள்ள ஆக்சைடை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்த பிறகே எடை போடுங்கள். இந்த அளவில் ஒரு மில்லிகிராம் பிசகினாலே 2.5 சதவீதம் போய்விடும். நாடாவைச் செம்புக் கம்பியால் கூண்டுபோலச் சுற்றிக் குழாயின் வாயில் தொங்கவிட வேண்டும். செம்பு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு வினைபுரியாது. கூண்டு தளர்வாக இருந்தால் நாடாத் துணுக்கு குமிழிகளோடு மேலேறிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், கன அளவு குறையும். கவிழ்க்கும்போது ஒரு மிலி காற்று புகுந்தாலோ கூடிவிடும். வினை வெப்பம் உமிழ்வது. அதனால் குமிழி நின்றதும் அளக்காதீர்கள், ஐந்து நிமிடமாவது ஆறவிடுங்கள். பிறகு உயரமான ஜாடி நீரில் குழாயை அமிழ்த்தி உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாகும்போது படியுங்கள். முடியாவிட்டால் மட்ட வேறுபாட்டை 13.6-ஆல் வகுத்துத் திருத்துங்கள்: உள்ளே 68 மிமீ உயரமாக நீர் நின்றால் அழுத்தத்தில் இன்னும் 5 மிமீ கழியும். அருகில் சுடர் எதுவும் கூடாது, சேர்ந்திருப்பது ஹைட்ரஜன்.

அமிலம் கலந்த நீரின் ஆவி அழுத்தம் தூய நீரைவிடக் குறைவு, ஹைட்ரஜன் நல்லியல்பு வாயுவும் (வாயு விதிகளுக்கு முழுமையாகக் கட்டுப்படும் வாயு) அல்ல என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் நீர்த்த கரைசலில், இந்த அழுத்தத்தில், இரண்டுமே ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். தராசின் பிழைக்கு முன்னால் அவை எடுபடாது.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேதியியலுக்கான உலக அமைப்பான ஐயூபேக் 1982-இலேயே திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றிவிட்டது. அதன்படி 0 டிகிரியில் மோலார் கன அளவு 22.7 லிட்டர், 22.4 என்பது 1 வளிமண்டல அழுத்தத்துக்கு. எந்த அழுத்தம் என்றே குறிப்பிடாமல் 22.4-ஐ இயற்கை மாறிலிபோல மனப்பாடம் செய்யவைப்பதால்தான், சரியாகச் சோதனை செய்தவரும் தன் அளவீட்டைச் சந்தேகிக்கிறார்.