வேலையை விட்டுட்டு இன்ஃப்ளூயன்சர் ஆகலாமா? அம்மா நகையை வச்சு கேமரா வாங்கலாமா?

கேள்வி: சார், எனக்கு 26 வயசு, சொந்த ஊர் ஈரோடு பக்கம், கோயம்புத்தூர்ல வேலை பாக்கறேன். சம்பளம் கைக்கு 34,000 வருது. இன்ஸ்டால கொங்கு சமையல் வீடியோ போடறேன், 21,000 ஃபாலோயர்ஸ் இருக்காங்க, அரிசி பருப்பு சாதம் ரீல் ஒன்னு ஆறு லட்சம் வியூஸ் போச்சு. ஆறு மாசத்துல நாலு கொலாப் (பிராண்டுக்காக காசு வாங்கிட்டுப் போடற வீடியோ) பண்ணேன், பேசின தொகை மொத்தம் 46,000, அதுல 18,000 இன்னும் வரல. இப்ப ஒரு கம்பெனி 32,000 ரூபா ஓவன் ஃப்ரீயா தர்றோம், காசு கிடையாது, மூணு ரீல் போடுங்கன்னு கேக்கறாங்க. ஒரு ஏஜென்சி ரெண்டு வருஷ அக்ரிமென்ட் அனுப்பியிருக்கு, வர்ற எல்லா கொலாப்லயும் 30 சதவீதம் அவங்களுக்கு, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 4,999 கட்டணுமாம். வேலையை விட்டுட்டு அம்மா நகையை அடகு வச்சு 3 லட்சத்துக்கு கேமரா, புது ஃபோன் வாங்கி யூடியூபும் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். சரியா வருமா?

பதில்: இப்போதைக்கு வேலையை விடாதீங்கம்மா, நகையைத் தொடவே தொடாதீங்க. வீடியோ போடறத நிறுத்தச் சொல்லல, அது நல்லா போகுதுன்னு நீங்க எழுதினதுலயே தெரியுது, ஆனா நீங்க வருமானம்னு நினைக்கறதுல பாதி வருமானமே இல்ல, வருமானம் இல்லன்னு நினைக்கற ஓவன் வருமானம், அங்கதான் சிக்கல்.

முதல்ல உங்க கணக்கையே பாப்போம். 46,000 பேசினீங்க, கைக்கு வந்தது 28,000. செலவு எவ்வளவுன்னு எழுதல, யாரும் எழுத மாட்டாங்க, நான் குத்துமதிப்பா போடறேன், சமையல் சாமான், நெட் ரீசார்ஜ், எடிட்டிங் ஆப், அப்பப்ப போஸ்ட்ட பூஸ்ட் பண்றது எல்லாம் சேத்து மாசம் 1,500னா ஆறு மாசத்துக்கு 9,000. மிச்சம் 19,000, அதாவது மாசம் 3,200 கூட இல்ல. லீவு நாள்ல காலைல அடுப்பு பத்த வச்சு சாயங்காலம் வரைக்கும் ஷூட் பண்ணி ராத்திரி எடிட் பண்றதுக்கு இதுல கூலி சேக்கல. இப்ப நகையை வச்சு 3 லட்சம் வாங்கறீங்க, வருஷத்துக்கு 10 சதவீத வட்டின்னு வச்சாலும் மாசம் 2,500 வட்டிக்கு மட்டும் போகும், பேங்க்ல இல்லாம வெளிய வச்சா இன்னும் ஜாஸ்தி. அப்ப கைல நிக்கறது 700 ரூபாக்குள்ள, அசல் ஒரு பைசா குறைஞ்சிருக்காது, 34,000 சம்பளமும் போயிருக்கும்.

ஆறு லட்சம் வியூஸ் போன ரீல்ல எவ்வளவு வந்துச்சுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல இன்ஸ்டா ரீல்ஸுக்கு வியூ கணக்குல மாசாமாசம் காசு தர்ற ஏற்பாடு இல்ல, பிராண்ட் குடுத்தாதான் உண்டு. யூடியூப் தரும், ஆனா முழு விளம்பரப் பங்கு வேணும்னா 1,000 சப்ஸ்கிரைபரும், அதோட கடைசி 12 மாசத்துல 4,000 மணி நேரம் வாட்ச் டைமோ இல்ல 90 நாள்ல ஷார்ட்ஸுக்கு ஒரு கோடி வியூஸோ வேணும். அப்பறமும் 100 டாலர் சேந்தாதான் பேங்குக்கே வரும். அதனால ஆரம்பிங்க, இப்ப இருக்கற ஃபோன்லயே ஆரம்பிங்க. சமையல் வீடியோக்கு கேமராவ விட வெளிச்சமும் சத்தமும்தான் முக்கியம், தாளிக்கற சத்தம் தெளிவா கேக்கணும்ல, ஒரு சின்ன மைக்கும் ட்ரைபாடும் சம்பளத்துலயே வாங்கிடலாம்.

யூடியூப்ல பணம் வர ஆரம்பிக்கறப்ப ஆட்சென்ஸ்ல, அதாவது யூடியூப் பணம் வர்ற கூகுள் அக்கவுண்ட்ல, அமெரிக்க டாக்ஸ் ஃபார்ம் ஒன்னு கேக்கும், நம்ம ஊர் ஆளுங்களுக்கு டபிள்யூ-8பென்னு பேரு, அத நிறைய பேரு நமக்கு எதுக்குன்னு விட்டுடறாங்க. விட்டா மொத்த வருமானத்துல 24 சதவீதம் வரைக்கும் பிடிப்பாங்க, ஈரோட்ல பாத்த வியூவுக்கும் சேத்து. ஃபார்ம் ஒழுங்கா குடுத்தா அமெரிக்காவுல இருந்து பாக்கறவங்க மூலமா வந்த பணத்துல மட்டும் 15 சதவீதம். சமையல் சேனல்னா நியூ ஜெர்ஸி, டெக்ஸாஸ்ல இருக்கற நம்மாளுங்க பாக்காம இருக்க மாட்டாங்க, அதனால இது உங்களுக்குப் பொருந்தும்.

ஓவனுக்கு வருவோம். கூரியர்ல வந்த பொருளு வருமானமான்னு எல்லாருக்கும் ஒரு நினைப்பு இருக்கு. பொருளை நீங்களே வச்சுக்கிட்டா வருமானம்தான், வீடியோ எடுத்துட்டு திருப்பி அனுப்பினா இல்ல. 2022 ஜூலைல இருந்து ஒரு கம்பெனி ஒரு வருஷத்துல 20,000 ரூபாக்கு மேல மதிப்புள்ள பொருள் குடுத்தா 10 சதவீத வரி கட்டியாச்சான்னு பாத்துட்டுதான் குடுக்கணும். உங்க ஓவனுக்கு 3,200 ரூபா. சில கம்பெனி தானே கட்டிடும், சில கம்பெனி அந்த 3,200 ஐ நீங்க கட்டி சலான் காட்டுங்கன்னு கேக்கும், அப்ப ஃப்ரீ ஓவனுக்கு கைக்காசு போடற மாதிரி ஆயிடும். யாரு கட்டறாங்கன்னு பொருள் வர்றதுக்கு முன்னாடியே மெயில்ல கேளுங்க. ஆனா அதுக்கும் முந்தின கேள்வி ஒன்னு இருக்கு, உங்களுக்கு 32,000க்கு ஓவன் தேவையா? கடைல காசு குடுத்து வாங்கியிருப்பீங்களா? மாட்டேன்னா மூணு ரீலுக்கு கூலி ஓவன்னு ஒத்துக்காதீங்க, பாதியாவது பணமா கேளுங்க, கேட்டா போயிடுவாங்கன்னா போகட்டும்.

வரின்னதும் பயப்பட வேண்டாம். உங்க சம்பளம், கொலாப், ஓவன் மதிப்பு எல்லாம் சேத்தாலும் 12 லட்சத்துக்கு ரொம்பக் கீழ, புது வரி முறைல கட்டவேண்டியது ஒன்னும் இருக்காது, டிடிஎஸ்னு முன்கூட்டியே பிடிச்ச வரி ரீஃபண்டா வந்துடும். ஆனா ரிட்டர்ன் போட்டாதான் வரும். சம்பளக்காரங்க வழக்கமா போடற ஐடிஆர்-1 இனி உங்களுக்கு ஆகாது, ஐடிஆர்-3ஓ ஐடிஆர்-4ஓ போடணும், எதுன்னு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கங்க. பிராண்டுங்க உங்க பான் நம்பர்ல போட்ட எல்லாம் ஏஐஎஸ்ல, அதாவது வருமான வரித்துறை உங்க பேர்ல வச்சிருக்கற வரவுப் பட்டியல்ல நிக்கும், மறைக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ஜிஎஸ்டி வருஷம் 20 லட்சம் தாண்டறப்ப பாத்துக்கலாம்.

ஏஜென்சி விஷயம் எனக்கு சுத்தமா பிடிக்கல. வேலை தர்றவன் உங்ககிட்ட 4,999 கேக்கறான்னா அவன் வியாபாரமே அந்த 4,999தான். நல்ல ஏஜென்சி அவங்க கொண்டு வந்த டீல்ல மட்டும் கமிஷன் எடுக்கும், உங்களுக்கு நேரா டிஎம்ல வந்த பிராண்டுலயும் 30 சதவீதம்னா எதுக்கு? 10,000 ரூபா கொலாப்ல 3,000 அங்க போச்சுன்னா சாமான் செலவு போக உங்களுக்கு என்ன நிக்கும். அதோட அந்த அக்ரிமென்ட்ல உங்க வீடியோவ யாரு எவ்வளவு நாள் பயன்படுத்தலாம்னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும், அதத் தேடிப் படிங்க. கால வரையறை இல்லாம குடுத்துட்டீங்கன்னா நாலு வருஷம் கழிச்சு உங்க மூஞ்சிய வச்சு விளம்பரம் ஓடும், காசு வராது. மூணு மாசம், அதுக்கு மேல வேணும்னா தனி ரேட்டுன்னு எழுதி வாங்குங்க.

இன்னும் ஆஃபர் வரலன்னாலும் இது வரும், ரம்மி, பெட்டிங் ஆப்காரங்க மத்த பிராண்ட விட பல மடங்கு குடுக்கறோம்னு வருவாங்க. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு கொண்டு வந்த ஆன்லைன் கேமிங் சட்டத்துல காசு வச்சு ஆடற கேமுக்கு விளம்பரம் பண்றவங்களுக்கும் ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம்னு இருக்கு. பதில் கூட போடாதீங்க. சாதாரண கொலாபுக்கும் இது விளம்பரம்னு வீடியோலயே தெரியற மாதிரி போடுங்க, பொய்யான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம். ஃபாலோயர்ஸ் காசு குடுத்து வாங்கறதப் பத்தி நீங்க கேக்கல, கேக்காததே நல்லது.

அப்ப வேலையை எப்ப விடலாம்? ஃபாலோயர்ஸ் கணக்க வச்சு முடிவு பண்ணாதீங்க. கொலாப் பணத்துக்குன்னு தனியா ஒரு பேங்க் அக்கவுண்ட் ஆரம்பிங்க, செலவும் அதுலயே பண்ணுங்க. தொடர்ந்து ஒரு வருஷம் செலவு போக அதுல மாச சராசரி 25,000 ஆச்சும் நின்னா, கூடவே ஒரு வருஷ வீட்டுச் செலவு தனியா ஃபிக்சட் டெபாசிட்ல இருந்தா, அப்ப பேசலாம். ஒரு வருஷம்னு சொல்றதுக்கு காரணம், தீபாவளிக்கு முன்னாடி பிராண்டுங்க தேடி வருவாங்க, அப்பறம் ரெண்டு மூணு மாசம் ஃபோனே அடிக்காது, மூணு மாச கணக்க வச்சு முடிவு எடுத்தவங்க அங்கதான் மாட்டிக்கறாங்க. 2020 ஜூன்ல டிக்டாக்க தடை பண்ணப்ப லட்சக்கணக்குல ஃபாலோயர்ஸ் வச்சிருந்தவங்களுக்கு ஒரே ராத்திரில எல்லாம் போச்சு, நம்ம கிராமத்துப் பசங்களே எத்தனை பேரு. அதனால யூடியூப் ஆரம்பிக்கறது நல்ல யோசனைதான், ஒரே இடத்துல எல்லாத்தையும் வச்சுக்க வேண்டாம்.

வேலையை விட்டா கம்பெனி குடுக்கற மெடிக்கல் இன்ஷூரன்ஸும் போகும், இப்பவே சொந்தமா ஒன்னு எடுத்துருங்க, 26 வயசுல பிரீமியம் கம்மி. பிஎஃப் பணத்த கேமராக்குன்னு எடுக்காதீங்க, அஞ்சு வருஷ சர்வீஸ் முடியறதுக்கு முன்னாடி எடுத்தா வரியும் வரும். ஆஃபர் லெட்டர்ல வேற தொழில் பண்ணக் கூடாதுன்னு இருக்கான்னும் ஒரு தடவை பாருங்க, இருந்தா ஹெச்ஆர்கிட்ட எழுத்துல கேட்டுக்கறது நல்லது, வைரல் ஆனப்பறம் அவங்களே கேப்பாங்க.

கடைசியா அந்த 18,000. இன்வாய்ஸ் அனுப்பினீங்களா? வாட்ஸ்அப்ல சார் பேமென்ட்னு கேட்டுட்டு இருந்தா வராது. இன்வாய்ஸ் நம்பர், தேதி, பான், பேங்க் விவரம், எந்த ரீலு என்னைக்குப் போட்டதுன்னு லிங்கோட இன்னைக்கே மெயில் போடுங்க. அப்படியே சின்னத் தொழில் பண்றவங்களுக்கான அரசு வெப்சைட் உத்யம் போர்ட்டல்ல பதிவு பண்ணிக்கங்க, ஃப்ரீதான், காசு கேக்கற வெப்சைட்டெல்லாம் புரோக்கர். இந்த 18,000க்கு அது உதவாது, ஆனா பதிவுக்கு அப்பறம் பண்ற வேலைக்கு பிராண்ட் அதிகபட்சம் 45 நாள்ல பணம் தரணும்னு சட்டம் இருக்கு, தாமதமானா வட்டியும் கேக்கலாம். அடுத்த கொலாப்ல இருந்து பாதி அட்வான்ஸ், மீதி ரீல் போட்டு 30 நாள்லன்னு மெயில்ல ஓகே வாங்காம அடுப்ப பத்த வைக்காதீங்க.