சென்னை தி. நகரில் உள்ள காமராஜர் நினைவு இல்லம் மிகச் சிறியது என்கிறார்களே, போய்ப் பார்க்கலாமா?

சிறியதுதான். விறுவிறுவென்று நடந்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்து, "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்கலாம். முதல் தடவை அப்பாவுடன் போனபோது நான் அப்படித்தான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கதர்ச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நீங்களும் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். புகைப்படத்தில் அந்தச் சட்டை வெறும் தொளதொளப்பாகத் தெரியும். நேரில் பார்த்தால்தான் போட்டிருந்தவரின் ஆகிருதி புரியும். அப்பா துணிக்கடையில் வேலை பார்த்தவர். "கெட்டிக் கதர். நாலு சட்டை இருந்தால் மாற்றி மாற்றிப் போட்டே வருஷக்கணக்கில் ஓட்டிவிடலாம்" என்றார். காமராஜரும் சிறு வயதில் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு விருதுநகரில் மாமாவின் துணிக்கடையில் நின்றவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இது அவர் வாடகைக்கு இருந்த வீடு. 1954 முதல் 1963 வரை முதலமைச்சர், பிறகு அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர், சாஸ்திரியும் இந்திராவும் பிரதமரானதில் பெரும்பங்கு வகித்தவர். சொந்த வீடு மட்டும் கட்டிக்கொள்ளவில்லை. 1975 அக்டோபர் 2 அன்று, காந்தி ஜெயந்தியன்று, உயிர் பிரிந்ததும் இங்கேதான். அதன் பிறகே அரசு இதை நினைவு இல்லமாக்கியது. காட்சிக்கென்று எழுப்பிய மண்டபம் அல்ல என்பதால், பிரம்மாண்டத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

சுவர்களில் புகைப்படங்கள் நிறைய. தலைவர்களுடன் கைகுலுக்கும் படங்களை வேகமாகக் கடந்துவிடலாம் (இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வராதீர்கள்). அவர் புழங்கிய பொருள்களுக்கும் புத்தகங்களுக்கும் அந்த நேரத்தைக் கொடுங்கள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்தார். படித்ததில் பெரும்பகுதி அங்கேதான்.

போவதற்கு முன் இரண்டு சம்பவங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். 1941இல் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும், முழுமையாகக் கவனிக்க முடியாத பதவி எதற்கு என்று ராஜினாமா செய்துவிட்டார். 1967இல் அதே விருதுநகரில், ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். தோற்றவர் திரும்பி வந்த வீடு இது என்று நினைத்துக்கொண்டு அறைகளைச் சுற்றிப் பாருங்கள். இரண்டாம் தடவை அப்படிப் போனபோது எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஆட்டோவில் ஏறினால் "காமராஜர் நினைவிடம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கிண்டியில், காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். தி. நகர் திருமலைப் பிள்ளை சாலை என்று சேர்த்துச் சொல்லுங்கள்.