'இருண்ட காலம்'னு தலைப்பு வைக்கலாமா?

கேள்வி: அண்ணா, காலேஜ்ல ஹிஸ்டரி கிளப்புக்காக ஒரு பத்து நிமிஷ வீடியோ பண்றோம், 500-ல இருந்து 1000 வரைக்கும் ஐரோப்பா எப்படி இருந்துச்சுன்னு. 'இருண்ட காலம்'னு தலைப்பு வச்சா தப்பா? சார் வேணாங்கறாரு.

பதில்: சார் சொல்றதுதான் சரி தம்பி. ஆனா காரணம் புரிஞ்சு மாத்துங்க, இல்லன்னா "எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு அடுத்த தப்புல போய் விழுந்துருவீங்க.

இந்த இருட்டுப் பேச்சை ஆரம்பிச்சு வச்சது 1330கள்ல பெட்ரார்க்ங்கற இத்தாலிக் கவிஞர். பழைய ரோமோட லத்தீன்னா அவருக்கு உயிரு, அதுக்கப்புறம் வந்ததெல்லாம், அவரோட சொந்தக் காலத்தையும் சேர்த்து, இருட்டுன்னுட்டாரு. மக்கள் எப்படி வாழ்ந்தாங்கன்னு அளந்து பார்த்து சொன்னது இல்ல அது.

சரிவு நடந்துச்சு, அத மறைக்காதீங்க. பிரிட்டன எடுத்துக்கோங்க, 410 வாக்குல ரோம ஆட்சி போன சமயத்துலயே புதுக் காசு வரத்தும் நின்னுபோச்சு, சக்கரத்துல பானை வனையற தொழிலே அத்துப்போய் கையாலயே மண்ணைத் தட்டித் தட்டி பானை செஞ்சாங்க, ஒரு தலைமுறை முன்னாடி சாதாரண வீட்டுல கூட நல்ல வழவழப்பான தட்டு இருந்த ஊர் அது! லட்சக்கணக்குல ஜனம் இருந்த ரோம் நகரமும் சில பத்தாயிரம் பேரா சுருங்கிடுச்சு, 541-ல ஆரம்பிச்ச பிளேக் வேற.

ஆனா அதே சமயத்துல, 537-லயே, கான்ஸ்டான்டிநோபிள்ல (இன்னைக்கு இஸ்தான்புல்) ஹகியா சோஃபியாங்கற பிரம்மாண்ட சர்ச் எழும்பி நிக்குது. அதுவும் ஐரோப்பாதானே?

பிரிட்டனையே திரும்பப் பாருங்க. 1939-ல சட்டன் ஹூங்கற இடத்துல தோண்டினப்போ 7-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல கப்பலோட புதைச்ச ஒரு கல்லறை கிடைச்சுது. அதுல தோள்ல மாட்டற தங்கக் கொக்கி ஒரு ஜோடி இருக்கு, படத்தை ஜூம் பண்ணிப் பாருங்க. மெல்லிசா சீவின கார்னெட்ங்கற சிவப்புக் கல்லு ஒவ்வொண்ணுக்கும் அடியில குறுக்கும் நெடுக்குமா கோடு அழுத்தின தங்கத் தகடு வச்சிருக்காங்க, வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பி கல்லு உள்ளேர்ந்து ஜொலிக்கணும்னு. அந்தக் காலத்து ஐரோப்பிய நகைகள்ல இருந்த கார்னெட்ல நிறைய இந்தியா, இலங்கைப் பக்கத்துல இருந்து போனது.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. இன்னைக்கு நாம இங்கிலீஷ்ல எழுதற ஸ்மால் லெட்டர் இருக்கே, அதுக்கு மூலம் 800 வாக்குல, மேற்கு ஐரோப்பால பெரும்பகுதியை ஆண்ட சார்லமேன்ங்கற ராஜாவோட ராஜ்யத்து மடங்கள்ல பரவின கையெழுத்து. பழைய லத்தீன் நூல்கள்ல பெரும்பாலானது நமக்குக் கிடைச்சதே அந்தத் துறவிங்க உக்காந்து பிரதி எடுத்ததாலதான், பெட்ரார்க்குக்குப் பின்னாடி வந்த இத்தாலி அறிஞர்கள் அந்தக் கையெழுத்தைப் பார்த்துட்டு இதுதான் பழைய ரோம் எழுத்துன்னு நம்பி அதையே காப்பி பண்ணாங்க.

அதனால 'ரோமுக்குப் பிறகு ஐரோப்பா'ன்னு வைங்க. முதல் காட்சியில அந்த மண்பானை, அடுத்து அந்தக் கொக்கி, ரெண்டுக்கும் கீழ ஊர் பேரும் நூற்றாண்டும் கட்டாயம் போடுங்க.