பழைய ப்ராஜெக்ட், புது பேனல்: எச்எம்ஐ வெர்ஷன் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் பேக்கிங் மெஷினை இயக்கும் டச் பேனல் (எச்எம்ஐ) போய்விட்டது. மெஷின் கொடுத்தவர்கள் அப்போதே தந்த, பேனலின் ஸ்க்ரீன்களைச் செய்த ப்ராஜெக்ட் ஃபைல் கையில் இருக்கிறது. ஆனால் வேலைக்கு வந்த இன்ஜினியர், "என் சாஃப்ட்வேரில் இது திறக்கவில்லை, நீங்கள் புது வெர்ஷன் லைசென்ஸ் வாங்கித் தர வேண்டும்" என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்த ஃபைல் எந்த வெர்ஷனில் செய்தது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். பல சாஃப்ட்வேர்களில் ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளே அதைச் சொல்லிவிடும். உதாரணமாக சீமென்ஸின் டிஐஏ போர்ட்டலில் செய்த ப்ராஜெக்ட் ஏபி16 என்று முடிந்தால் அது வி16. சுருக்கிக் கட்டிய ஆர்க்கைவ் என்றால் இசட்ஏபி16 என்று இருக்கும்.

திறக்காததற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஃபைல் புதிது, அவர் சாஃப்ட்வேர் பழையது என்றால் எத்தனை முறை முயன்றாலும் திறக்காது. இந்தத் துறையில் புது வெர்ஷன் பழைய ஃபைலை எடுத்துக்கொள்ளும், பழைய வெர்ஷன் புது ஃபைலைத் தொடாது. கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனியிலும் இதுதான் நிலை. அப்படியிருக்க, அந்த வெர்ஷன் வைத்திருக்கும் வேறொருவரை அழைப்பது, நீங்கள் லைசென்ஸ் வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு. சாஃப்ட்வேரை நீங்களே தினமும் திறந்து வேலை செய்யப்போவதில்லை என்றால், லைசென்ஸ் வைத்திருப்பது வேலை எடுப்பவரின் பொறுப்பு.

ஃபைல் ரொம்பப் பழையது என்றால் கதை வேறு. புது சாஃப்ட்வேர் அதை நேராக எடுக்காமல் போகலாம், நடுவில் ஒரு படி ஏற வேண்டியிருக்கும். டிஐஏ போர்ட்டலில் வி11, வி12, வி13 ப்ராஜெக்ட்களை முதலில் வி13 சர்வீஸ் பேக் 1-க்குக் கொண்டுவந்த பிறகுதான் வி14-க்கும் அதற்கு மேலும் போக முடியும். அதற்கும் முந்தைய சீமென்ஸ் சாஃப்ட்வேரான வின்சிசி ஃப்ளெக்சிபிளில் செய்த ப்ராஜெக்ட் என்றால், 2008 பதிப்புக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மைக்ரேட் செய்ய, அதாவது புது சாஃப்ட்வேருக்கு மாற்ற வேண்டும். மைக்ரேட் செய்தபின் ஸ்க்ரீன்களையும் ஸ்கிரிப்ட்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாக வேண்டும். அரை நாளில் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. அதே மாடல் பேனல் இன்னும் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள். அதே மாடலும் அதே இமேஜ் வெர்ஷனும் (பேனலுக்குள் இருக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் வெர்ஷன்) கிடைத்தால் பழைய சாஃப்ட்வேரே போதும். புது மாடல் என்றால், அது உங்கள் பழைய சாஃப்ட்வேரின் பட்டியலிலேயே இருக்காது. ஆர்டர் போடும் முன், "இந்தப் பேனலுக்குக் குறைந்தபட்சம் எந்த வெர்ஷன் வேண்டும்?" என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மெஷின் வாங்கியபோது பென் டிரைவில் "முழு பேக்கப்" கொடுத்தார்கள். இப்போது ஒரு ஸ்க்ரீனில் சின்ன மாற்றம் வேண்டும். அது பேக்கப்தான், அதை எடிட் செய்ய முடியாது என்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றியிருக்க வேண்டும் என்றில்லை, ஆனால் உங்களுக்குத் தேவையானதைக் கொடுக்கவில்லை. பேனலில் ஓடுவது கம்பைல் செய்த ரன்டைம் ஃபைல். மாற்றம் செய்ய வேண்டியது அதன் மூல ப்ராஜெக்டில். அச்சடித்த நோட்டீஸ் கையில் இருக்கிறது, டைப் செய்த ஃபைல் இல்லை என்ற நிலைமைதான் உங்களுடையது. பேனல் கெட்டால் அதே மாடலில் அந்த பேக்கப்பை ஏற்றி மெஷினை ஓட்டலாம். அந்த வகையில் அது மதிப்புள்ளது, பத்திரமாக வையுங்கள். ஆனால் ஒரு பட்டனைக்கூட நகர்த்த முடியாது.

சில சாஃப்ட்வேர்களில் தப்பிக்க ஒரு வழி உண்டு. ராக்வெல்லின் ஃபேக்டரிடாக் வியூ மெஷின் எடிஷனில் பேனலுக்குப் போவது எம்இஆர் ஃபைல், மூலத்தைக் கட்டி வைப்பது ஏபிஏ ஃபைல். எம்இஆர் ஃபைலை உருவாக்கியவர் அப்போது தடை போடாமல் இருந்திருந்தால், அதிலிருந்து ப்ராஜெக்டைத் திரும்ப எடுக்கலாம். பாஸ்வேர்டு போட்டிருந்தால் அவரிடம்தான் கேட்க வேண்டும். ஒருபோதும் கூடாது என்று தடுத்திருந்தால் அந்தக் கதவும் மூடியாயிற்று. வேறு சில பேனல்களில், டவுன்லோட் செய்யும்போதே மூலத்தையும் சேர்த்துப் பேனலில் வைக்கும் வசதி இருக்கும். ஆனால் அதை அன்றைக்கே டிக் செய்திருக்க வேண்டும்.

அடுத்த மெஷின் வாங்கும்போது பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இதை எழுதிவிடுங்கள்: எடிட் செய்யக்கூடிய எச்எம்ஐ, பிஎல்சி (மெஷினைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர்) மூல ப்ராஜெக்ட்கள், எந்த சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன், எந்த சர்வீஸ் பேக், எந்த அப்டேட், பேனலின் மாடல் எண்ணும் அதிலுள்ள ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் அடிப்படை சாஃப்ட்வேர்) வெர்ஷனும், எல்லா பாஸ்வேர்டுகளும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், உங்கள் ஆள் ஒருவர் முன்னால் அந்த ஃபைலைத் திறந்து, கம்பைல் செய்து, பேனலில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பணம் கொடுத்து முடித்தபின் இதைக் கேட்டால் யாரும் அசைய மாட்டார்கள். கேட்பதற்குக் கூச்சப்படவும் வேண்டாம், நீங்கள் காசு கொடுத்து வாங்கும் மெஷினின் ஒரு பாகம் அது.

கேள்வி: புது வெர்ஷன் வரும்போதெல்லாம் ப்ராஜெக்டை அப்கிரேட் செய்துகொள்வது நல்லதா?

வேண்டாம். ஓடுகிற மெஷினைக் காரணமில்லாமல் தொடாதீர்கள். அப்கிரேட் செய்த ப்ராஜெக்ட் திரும்பிப் போகாது. டிஐஏ போர்ட்டல் மூலத்தை அப்படியே விட்டுவிட்டு வி17 என்று பெயரில் ஒட்டிய இன்னொரு பிரதியை உருவாக்கும், அதனால் பழையது பிழைத்திருக்கும். எல்லா சாஃப்ட்வேரும் இப்படிச் செய்யும் என்று நினைக்காமல், நீங்களே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு திறங்கள்.

ஃபேக்டரிடாக் வியூவில் புது வெர்ஷனில் வேலை செய்தாலும், பேனலிலுள்ள பழைய ஃபர்ம்வேருக்கு ஏற்ற வெர்ஷனில் எம்இஆர் உருவாக்கலாம். பேனலின் ஃபர்ம்வேரைவிட உயர்ந்த வெர்ஷன் எம்இஆர் ஓடாது, குறைந்தது ஓடும். சீமென்ஸிலும் ப்ராஜெக்டுக்குள் பேனலின் வெர்ஷன் தனியாக இருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் டவுன்லோட் செய்யும்போது பேனலின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அப்டேட் செய்யலாமா என்று கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்திவிடுகிறார்கள். பேனலுக்குள் இருந்த ப்ராஜெக்ட், ரெசிபி (ஒவ்வொரு பொருளுக்கும் சேமித்து வைத்த செட்டிங் மதிப்புகள்), யூசர் பாஸ்வேர்டு எல்லாம் போய்விடும். ஆப்பரேட்டர்கள் பல வருடமாகத் திருத்தித் திருத்திச் சேர்த்த ரெசிபி மதிப்புகள் வேறெங்கும் இருக்காது. முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்யுங்கள், அப்புறம் சரி அழுத்துங்கள்.

கேள்வி: பிஎல்சி மட்டும் மாற்றினோம். பேனலில் எல்லா மதிப்பும் ஹாஷ் குறியாகத் தெரிகிறது. கேபிள் சரியாகத்தான் இருக்கிறது.

உங்கள் புது பிஎல்சி சீமென்ஸின் எஸ்7-1500 ஃபர்ம்வேர் 2.9 அல்லது எஸ்7-1200 ஃபர்ம்வேர் 4.5, அதற்கு மேல் என்றால், டிஐஏ வி17 முதல் பாதுகாப்பான தொடர்பை மட்டும் அனுமதிக்கும் ஒரு டிக் பிஎல்சி அமைப்பில் உண்டு. அது போட்டிருந்தால் பழைய வெர்ஷன் பேனல் பேச முடியாது. பேனலை உயர்த்த முடியுமானால் உயர்த்துங்கள். முடியாவிட்டால் டிக்கை எடுக்கலாம், ஆனால் அந்த நெட்வொர்க் வெளியுலகத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு எடுங்கள்.

கேள்வி: பழைய சாஃப்ட்வேர் இருக்கும் எக்ஸ்பி லேப்டாப் எந்த நேரமும் நின்றுவிடும்போல் இருக்கிறது. புது லேப்டாப்பில் அது இன்ஸ்டால் ஆகவில்லை.

விர்ச்சுவல் மெஷின்தான் வழி, அதாவது புது லேப்டாப்புக்குள் சாஃப்ட்வேராகவே ஓடும் பழைய கம்ப்யூட்டர். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் நின்றுவிட்டது. ஆனால் பழைய எச்எம்ஐ சாஃப்ட்வேர்கள் பல அவற்றில்தான் நிம்மதியாக ஓடும். லேப்டாப் உயிரோடு இருக்கும்போதே அதை விர்ச்சுவல் மெஷினாக மாற்றி, இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். அதை இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள்.

லைசென்ஸ் கீ விஷயத்தில் மட்டும் கவனம். ஹார்ட் டிஸ்க்கை குளோன் செய்தால் சில கம்பெனிகளின் கீ செல்லாமல் போகும். டிஸ்க்கைத் தொடும் முன் அவர்களின் லைசென்ஸ் மேனேஜர் வழியாக கீயை ஒரு பென் டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். டவுன்லோட் கேபிள் யுஎஸ்பி வகை என்றால் விர்ச்சுவல் மெஷினுக்குள் அது தெரிகிறதா என்று, பேனலில் எதையும் ஏற்றாமல், இணைப்பை மட்டும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பழைய லேப்டாப்பை அதன் பிறகு ஓரங்கட்டலாம்.