கதவு அவருடையது, கைவேலை யாருடையது?

கேள்வி: நான் மரச்சிற்பத் தொழில் செய்கிறேன், சொந்தப் பட்டறை. புது வீடு கட்டிய ஒருவர் தலைவாசலுக்குத் தேக்கில் இரட்டைக் கதவும், அதன் மேலே வைக்க ஒரு சிற்பப் பலகையும் கேட்டார். டிசைனை நானே காகிதத்தில் வரைந்து, அவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் உளி வைத்தேன். ஓரம் முழுக்கக் கொடிக்கருக்கு (வளைந்தோடும் கொடி, இலைச் செதுக்கல்), கதவின் நடுவில் யாளி, மேல் பலகையில் எதிரெதிராக இரண்டு அன்னம். மரத்தின் ரேகை தெரியட்டும் என்று எண்ணெய் மட்டும் பூசிக் கொடுத்தேன். பொருத்திய அன்று அவருக்கு ரொம்பத் திருப்தி. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கதவு முழுக்கத் தங்க நிற எனாமல் பெயிண்ட். சிசிடிவி கேமரா உட்கார இடம் வேண்டும் என்று ஒரு அன்னத்தின் தலையை அறுத்திருக்கிறார்கள். அதை வீடியோ எடுத்து, என் பட்டறையை டேக் செய்து இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறார். எனக்கு வேலை தருவதாக இருந்த ஒரு இன்டீரியர் டிசைனர் அதைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி வேலை எங்களுக்குச் சரிவராது" என்று மெசேஜ் அனுப்பி விலகிக்கொண்டார். பாக்கியைக் கேட்டால், "ஃபினிஷிங் சரியில்லாமல்தான் பெயிண்ட் அடித்தோம், பாக்கி கிடையாது" என்கிறார் வீட்டுக்காரர். "என் வீடு, என் கதவு, நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்" என்றும் சொல்கிறார். எனக்குச் சட்டத்தில் வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் பாக்கிப் பணம், அறுபட்ட அன்னம், வீடியோவில் உங்கள் பெயர் என்று மூன்று வழக்குகள் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கின்றன. மனசு வலிப்பது அன்னத்துக்காக என்பது புரிகிறது. இருந்தாலும் உங்கள் பக்கம் பலமாக இருக்கும் இடத்திலிருந்து ஆரம்பிப்போம். அது பணம்.

1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, வாங்குபவர் ஒரு பொருளை எப்போது ஏற்றுக்கொண்டதாக ஆகும் என்று சொல்கிறது. ஏற்றுக்கொண்டேன் என்று அவரே தெரிவித்தால் ஏற்றதாகும். நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டாலும் ஏற்றதாகும். இன்னொன்றும் உண்டு: பொருள் கைக்கு வந்த பிறகு, அது இன்னும் விற்றவருடையது என்றால் செய்யவே முடியாத ஒரு காரியத்தை அவர் செய்துவிட்டாலும் ஏற்றதாகும். பிடிக்காத கதவைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். அதற்குப் பெயிண்ட் அடித்து, அறுத்து, கேமராவும் மாட்டியவர் அது தன் கதவு என்று முடிவு செய்துவிட்டார் என்றுதான் அர்த்தம். "என் கதவு" என்று அவர் வாயாலேயே சொல்வது இந்த இடத்தில் உங்களுக்கு லாபம். அவருடைய கதவு என்றால் விலையும் அவர் தர வேண்டியதுதானே?

ஏற்றுக்கொண்ட பிறகும், வேலையில் உண்மையான குறை இருந்தால் விலையில் கழித்துக்கொள்ள 59-ஆம் பிரிவு இடம் தருகிறது. இதை மறைக்க விரும்பவில்லை, அவருடைய வக்கீல் கட்டாயம் இதைப் பிடிப்பார். ஆனால் குறையை நிரூபிக்க வேண்டியது அவர். குறை இருந்தது என்று சொல்லும் இடத்தின் மேலேயே இரண்டு கோட்டிங் எனாமல் போட்டு மூடியவர், எதைக் காட்டி நிரூபிப்பார்? உங்களிடம் பொருத்திய அன்று எடுத்த போட்டோ இருக்கும், அவர் அனுப்பிய பாராட்டு மெசேஜும் ஒருவேளை இருக்கும். அவற்றை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். வாட்ஸப் செய்தியைச் சாட்சியமாக வைக்க, 2023-ஆம் ஆண்டு புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

பட்டறைக்கு உதயம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் பதிவு, இருக்கிறதா? இருந்தால் 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால், கொடுத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டி பாக்கி வைக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இந்தச் சட்டத்தின்படி அமைந்த வசதியாக்க மன்றத்தில் மனுப் போட்டால், முதலில் சமரசம் பேசுவார்கள், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகும். பதிவு மட்டும் பொருளைக் கொடுப்பதற்கு முன்பே நடந்திருந்தால்தான் சிக்கல் இல்லை. பிறகு பதிவு செய்து பழைய பில்லுக்கு இந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று 2021-ல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அடுத்து அன்னம். "என் கதவு, என் இஷ்டம்" என்பதில் பாதி சரி. மரம் அவருடையதுதான். ஆனால் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைத்தவருக்கு ஒரு தனி உரிமை தருகிறது. பொருளை விற்ற பிறகும், ஏன், பதிப்புரிமையையே எழுதிக் கொடுத்த பிறகும், இது தன் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவரிடமே இருக்கும். அந்தப் படைப்பைச் சிதைத்து, வெட்டி, மாற்றி, அதனால் அவருடைய கௌரவத்துக்கோ நற்பெயருக்கோ கேடு வந்தால், தடுக்கவும் நஷ்டஈடு கேட்கவும் செய்யலாம். இது எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் 'கலைப் படைப்பு' என்பதில் சிற்பத்தையும், கலைநயமுள்ள கைவினை வேலையையும் சேர்த்தே வைத்திருக்கிறது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை போய்விடாதா என்று கேட்பீர்கள். ஓவியம், புகைப்படம் போன்ற சிலவற்றுக்கு 17-ஆம் பிரிவில் அப்படி ஒரு விதிவிலக்கு உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் பதிப்புரிமை ஆர்டர் கொடுத்தவருக்கு. சிற்பம் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தப் பட்டியலில் இருக்கும் ஓவியருக்குக் கூட 57-ஆம் பிரிவு உரிமை கையை விட்டுப் போவதில்லை. ஆனால் டிசைன் யாருடையது என்பது முக்கியம். அவர் ஒரு படத்தை நீட்டி "இதை அப்படியே செய்" என்று சொல்லியிருந்தால் உங்கள் வாதம் மெலிந்துவிடும். நீங்களே வரைந்தது நல்லதாகப் போயிற்று. அந்தப் பென்சில் தாள்கள், அழித்து எழுதிய கறை உட்பட, பத்திரமாக இருக்கட்டும். அதே அச்சில் இயந்திரம் வைத்து ஐம்பதுக்கு மேல் கதவு அடித்திருந்தால், டிசைன் சட்டத்தில் பதியாத டிசைனின் பதிப்புரிமையை முடித்துவிடும் 15-ஆம் பிரிவு குறுக்கே வரும். ஒரே ஒரு கதவுக்கு அந்தக் கவலை இல்லை.

57-ஆம் பிரிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சிற்பி அமர்நாத் செகல் வழக்குதான் அளவுகோல். டெல்லி விஞ்ஞான் பவனுக்காக மத்திய அரசு அவரிடம் ஒரு பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பம் கேட்டது, 1962-ல் அது சுவரேறியது. 1979-ல் கட்டிட வேலை என்று சொல்லி, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். துண்டுகள் உடைந்தன, சில காணாமலே போயின. 1992-ல் வழக்குப் போட்டார். "காசு கொடுத்து வாங்கினோம், பதிப்புரிமையும் எங்களுடையது" என்றது அரசு. 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் விதித்தது. தீர்ப்பைக் கொண்டாடுவோர் வருஷத்தையும் கவனிக்க வேண்டும்: வழக்கு மட்டும் 13 வருஷம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. டெல்லி பிரகதி மைதானத்தில் கட்டிடக் கலைஞர் ராஜ் ரேவால் வடிவமைத்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கண்காட்சி மண்டபம் 2017-ல் இடிக்கப்பட்டது. அவர் 57-ஆம் பிரிவைச் சொல்லி வழக்குப் போட்டார். கட்டிடக் கலைஞரின் உரிமைக்காக நிலத்தின் சொந்தக்காரரை இடிக்கக் கூடாது என்று சொல்ல முடியாது என்று 2019-ல் தள்ளுபடி ஆனது. முழுக்க இடித்துவிட்டால் பார்ப்பவர் கண்ணில் கெட்ட பெயர் வர எதுவும் மிச்சமில்லை. பாதி சிதைத்து நிறுத்தி வைத்தால்தான் கெட்ட பெயர் என்பது அந்தத் தீர்ப்பின் தர்க்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் உங்கள் வழக்குக்கு இது உதவி. உங்கள் அன்னம் தலையில்லாமல், உங்கள் பெயரோடு, தெருவைப் பார்த்து நிற்கிறது.

வீட்டில் புழங்கும் பொருளுக்கெல்லாம் இந்த உரிமை வருமா என்று எதிர்த்தரப்பு கேலி செய்தால், பிரான்சில் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கே வந்திருக்கிறது என்று சொல்லலாம். ஓவியர் பெர்னார் பூஃபே அதன் ஆறு பலகைகளிலும் வரைந்திருந்தார். வாங்கியவர் ஒரு பலகையை மட்டும் தனியாகக் கழற்றி விற்கப் பார்த்தபோது, ஆறும் சேர்ந்ததுதான் ஒரே படைப்பு என்று பிரெஞ்சு நீதிமன்றம் தடுத்தது. நம் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. பேச்சுக்கு உதவும்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். பெயிண்டை மட்டும் வைத்து வழக்குப் போட நான் சொல்ல மாட்டேன். வெயிலும் மழையும் படும் தலைவாசல் கதவுக்கு வீட்டுக்காரர் ஏதோ ஒரு பூச்சு போடுவது இயல்பு என்றுதான் நீதிபதி நினைப்பார். நிறம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு, நற்பெயர் கெட்டது என்பது வேறு. எனாமல் புகுந்து கொடிக்கருக்கின் ஆழமே தூர்ந்துபோய், செதுக்கல் மொண்ணையாகத் தெரிகிறது என்றால் அதைச் சிதைவு என்று வாதிடலாம். கிட்டத்தில் எடுத்த முன்-பின் போட்டோ வேண்டும். அன்னத்தின் தலையை அறுத்தது வெட்டுதல் என்பதில் சந்தேகமே இல்லை. எல்லாவற்றையும்விடப் பலமானது வீடியோதான். மாற்றிய வேலையை உங்கள் பெயரில் ஊருக்குக் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்து ஒருவர் விலகிக்கொண்டதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது. கேடு வந்தது என்று காட்ட இதைவிட நேரடியான தாள் கிடைப்பது அபூர்வம். வீடியோவை அவர் அழிப்பதற்குள் பதிவிறக்கி, லிங்க், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவிடுங்கள்.

அதனால் வக்கீல் நோட்டீஸில் இப்படிக் கேட்கச் சொல்வேன்: பாக்கி வட்டியோடு வர வேண்டும், வீடியோவிலிருந்து பட்டறைப் பெயரை எடுக்க வேண்டும், அல்லது பூச்சும் வெட்டும் பிறகு செய்தவை என்று அதிலேயே எழுத வேண்டும், அறுத்த பலகையை உங்கள் செலவில்லாமல் நீங்களே சரிசெய்ய விட வேண்டும், இல்லையென்றால் கதவில் நீங்கள் செதுக்கிய பெயர் இருந்தால் அதை எடுக்க வேண்டும். நஷ்டஈடு என்று பெரிய தொகை போட்டு மிரட்ட வேண்டாம். பெரும்பாலும் இந்த மாதிரி ஆட்கள் நோட்டீஸ் கிடைத்த வாரத்தில் வீடியோவை எடுத்துவிட்டு, பாக்கிக்குப் பேரம் பேச வருவார்கள். அந்த பேரத்துக்கு உட்காருங்கள்.

அதுவரை பொறுமை. அவர் வீட்டுக்குப் போய்ப் பெயிண்டைச் சுரண்டக் கூடாது, அது அத்துமீறல். அவரைத் திட்டி நீங்களும் ஒரு வீடியோ போட்டால், அவதூறு என்று எதிர் வழக்கு வரும். நீங்கள் கொடுத்தபோது எடுத்த போட்டோவைப் போட்டு, "நாங்கள் ஒப்படைத்தபோது இப்படி இருந்தது, பிறகு நடந்த மாற்றம் எங்களுடையது அல்ல" என்று மட்டும் எழுதலாம். அந்த டிசைனருக்கும் அதே போட்டோவை அனுப்புங்கள், அதற்கு வக்கீல் தேவையில்லை.

பேச்சு முறிந்தால், அன்னத்துக்கான வழக்கைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டாம். வழக்கின் மதிப்பு மூன்று லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் வணிக வழக்காகும். உடனடித் தடை கேட்காதபட்சத்தில் முதலில் சமரச மையத்துக்குப் போய்வர வேண்டும். பாக்கிக்கு மூன்று வருஷக் காலக்கெடு.

இனி எழுதும் பில்லில் இரண்டு வரி சேருங்கள். ஒன்று: "ஒப்படைத்த பிறகு வேறு ஆள் வெட்டினாலோ, துளைத்தாலோ, பூச்சை மாற்றினாலோ எங்கள் கேரண்டி செல்லாது, மாற்றிய வேலையை எங்கள் பெயரில் வெளியிடக் கூடாது." அடுத்த மழையில் அறுத்த இடத்திலிருந்து பலகை பிளந்தால் அவர் உங்களைத்தான் கூப்பிடப் போகிறார் என்பதால் கேரண்டியைச் சொல்கிறேன். இரண்டு: "குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்." பில்லை ஒப்படைக்கும் நாளில் நீட்டிப் பயனில்லை. அட்வான்ஸ் வாங்கும்போதே கையெழுத்து வாங்குங்கள்.