ஆற்றோடு போங்கள்

கேள்வி: குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். தமிழ்நாட்டுப் புவியியலையும் வரலாற்றையும் எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் மனதில் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் காவிரியை வரையுங்கள். மேட்டூரில் 1934 என்று அணை முடிந்த ஆண்டை எழுதுங்கள். அப்புறம் பவானி வந்து சேரும் இடம், முக்கொம்பில் கொள்ளிடம் பிரியும் இடம், அதற்குக் கீழே கரிகாலனின் கல்லணை, டெல்டாவில் ராஜராஜன் 1010-இல் முடித்த பெரிய கோயில் என்று ஆற்றோடு இறங்கினால், பாசனமும் சோழர் வரலாறும் ஒன்றாகவே வந்துவிடும். எங்கே கை நிற்கிறதோ அதுதான் நீங்கள் மறந்த இடம். அதைச் சிவப்பில் குறித்து, மறுநாள் மறுபடி வரையுங்கள். சரி, அடுத்து வைகை, கீழடியோடு. பிறகு தாமிரபரணி, ஆதிச்சநல்லூரும் கொற்கையும் சேர்த்து.