வன்னி மரம்: கேட்டவர்களுக்குப் பதில்

ஈசூன் தம்பி: சிவகங்கையில் எங்கள் நிலம் முழுக்க முள் மரம். தீபாவளிக்குப் போகும்போது எல்லாவற்றையும் வெட்டிவிடலாம் என்றிருக்கிறோம். அதில் சில வன்னி என்கிறார் பெரியப்பா. எப்படிக் கண்டுபிடிப்பது அக்கா?

முள்ளைப் பாருங்கள் தம்பி. சீமைக் கருவேலத்தில் முள் இலை முளைக்கும் கணுவில், பெரும்பாலும் இரண்டிரண்டாக நிற்கும். வன்னியின் முள் குட்டை. அடி அகன்று, கணுவுக்குக் கணு நடுவில் தண்டில் சிதறிக் கிடக்கும். சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. வன்னி நம் வறண்ட காட்டின் மரம். ஒன்றென்று நினைத்து இரண்டையும் வேரோடு பிடுங்குவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. பொக்லைன் வருமுன் மரம் மரமாகப் பார்த்து, வன்னிக்குச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள்.

தெம்பனிஸ் அம்மா: பிள்ளையாருக்கு வன்னி இலை வேண்டும். சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டியில் வளருமா?

வேண்டாம் அம்மா. ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் மழைகூடக் கிடைக்காத மேற்கு ராஜஸ்தானில் செழிக்கிற மரம் இது. சிங்கப்பூரில் 2,000-ஐத் தாண்டுகிறது. ஆணிவேர் 20 மீட்டருக்கும் கீழே போய் நீர் தேடும். அதனால்தான் மற்ற மரங்கள் காயும் கோடையில் தளிர் விடுகிறது. அந்த வேரைத் தொட்டியில் அடைத்துத் தினமும் நனைத்தால் அழுகத்தான் செய்யும். அருகம்புல் வளருங்கள், பிள்ளையாருக்கு அதுவும் உகந்தது.

உட்லண்ட்ஸ் அண்ணன்: துபாயில் வேலை பார்த்தபோது காஃப் என்றொரு மரம் பார்த்தேன். வன்னி மாதிரியே இருந்தது.

அதே மரம்தான். அமீரகத்தின் தேசிய மரம். ராஜஸ்தானில் கெஜ்ரி; அங்கே உழவர்கள் கம்பு வயலுக்குள்ளேயே விட்டுவைப்பார்கள். நிழல் மெல்லியது, வேர் மண்ணில் தழைச்சத்து சேர்க்கும், இலை ஆட்டுக்கு, பிஞ்சுக்காய் சமையலுக்கு. 1730-ல் ஜோத்பூர் அருகே கெஜர்லியில் இம்மரங்களை வெட்ட அரசரின் ஆட்கள் வந்தபோது, மரத்தைக் கட்டிப்பிடித்தபடி அவ்வூர்ப் பெண் அம்ரிதா தேவியும் பிஷ்னோய் சமூக மக்களுமாக 363 பேர் உயிர்விட்டார்கள். வன்னியைப் பற்றி யார் கேட்டாலும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

ஈசூன் தம்பி: இன்னும் நாலு மரம் நடலாம் என்கிறார் பெரியப்பா. கன்று எங்கே வாங்குவது?

உங்கள் மரத்துக் காயே போதும். விதைத்தோல் கெட்டி; ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போடச் சொல்லுங்கள். பையில் வளர்த்தால் ஆணிவேர் சுருண்டுவிடும், ஐப்பசி மழைக்கு முன் நேராக நிலத்திலேயே ஊன்றட்டும். ஆட்டு வாய் எட்டாத உயரம் வரும்வரை வேலி அவசியம்.